அத்தர் தெளித்த மரத்தூள்

1. முதல் நாள்

கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, என்னிடம் விலங்குப் பராமரிப்பு டிப்ளோமாவும் நானே எழுதிய ஒரு பட்டியலும் இருந்தன. பட்டியலின் தலைப்பு: 'ஹம்ஸ்டர் எலிக் கூட்டில் போடக்கூடாதவை'. கடை முதலாளி அலவத்துகொடைக்காரர். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். பட்டியலை மரியாதையாக வாங்கினார், நாலாக மடித்தார், ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கடியில் செருகினார். மேசை ஆட்டம் நின்றது. முதல் நாளே என் படிப்பு கடைக்குப் பயன்பட்டது.

2. கஸ்டமர் கேட்பவை

கூட்டுக்குள் விரிப்பதற்கு வாங்க வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு மாதம் குறித்து வைத்தேன்.

முதலாவது, நிறம். வரவேற்பறைத் திரைச்சீலைக்குப் பொருந்த வேண்டும்.

இரண்டாவது, பஞ்சு. "பாவம், கண்டிக் குளிருக்கு நடுங்குமே மிஸ்." பஞ்சு நூல் காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும் என்று சொன்னால், "நம்ம தலகாணியில இருக்கிறதுதானே?" என்பார்கள். தலையணையை நாம் தின்பதில்லை என்று நான் சொல்வதில்லை. கஸ்டமர்.

மூன்றாவது, வாசம். இதுதான் எல்லாவற்றுக்கும் மேல்.

வாசம் கேட்பவர்களுக்காக நானா ஒரு சரக்குத் தயாரித்தார். கடுகண்ணாவையில் பைன் பலகைப் பெட்டிகளைப் பிரித்துத் தளபாடம் செய்யும் பட்டறையிலிருந்து மரத்தூள் சாக்குகள் வரும். அதைக் கடைக்குப் பின்னால் பரப்பி, கல்யாண வீட்டில் விருந்தாளிகளை வரவேற்பது போல அத்தர் தெளிப்பார். பிறகு பையில் அடைத்து 'ரோயல்' என்று லேபல் ஒட்டுவோம். ஒட்டியது நான்தான்.

"நானா, பைன் மர வாசமே அதுகட நுரையீரலுக்கு ஆகாது. தூசி வேற. அதுக்கு மேல அத்தரும் வேணுமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"புள்ள, இது ஸ்பிரிட் கலந்த சென்ட் இல்ல. அசல் அத்தர். ஜும்மா தொழுகைக்கு நான் பூசிட்டுப் போறது. எனக்கு நல்லம்னா எலிக்கு நல்லமில்லையா?"

நான் அடுத்த பைக்கு லேபல் ஒட்டினேன்.

3. பிஸ்கட்

ஒரு பிற்பகல், டியூஷன் டீச்சர் ஒருவரும் அவருடைய பத்து வயது மகளும் கூட்டோடு வந்தார்கள். உள்ளே பிஸ்கட் என்ற ஹம்ஸ்டர். மயிர் சிலிர்த்து ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தது. கண் ஓரம் பொருக்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் 'டிக், டிக்' என்று சத்தம்.

"ரோயல்தான் மிஸ் போடுறோம்," என்றார் டீச்சர். "தும்முதேன்னு ரெட்டிப்பா போட்டோம். வாசத்துக்குச் சரியாயிரும்னு நெனச்சோம்."

மகள் கூட்டைக் கீழே வைக்கவில்லை. "செத்துருமா மிஸ்?"

நானா என்னைப் பார்த்தார். சீதோஷ்ணம் சரியில்லை என்று நான் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பார்வையின் பொருள்.

"இந்தத் தூள்லயே விட்டா செத்துரும்," என்றேன். "எங்க சரக்குதான் ஒத்துக்கல. இப்பவே மிருக வைத்தியர்கிட்ட கொண்டு போங்க." கூட்டைக் காலி செய்து, வாசமில்லாத வெள்ளை டிஷ்யூவைக் கிழித்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர்கள் போனதும் நானா வெடித்தார். "ஆள் முன்னுக்கே என்ட சாமானக் கொற செல்லிட்டீங்களே!"

நான் ஒரு ரோயல் பையைப் பிளாஸ்டிக் பேசினில் கொட்டினேன். "நானா, மொகத்த இதுக்குள்ள வச்சுப் பத்து நிமிஷம் இருங்க. பிஸ்கட் நாள் முழுக்க அப்படித்தான் இருந்திச்சு."

பெருமையோடுதான் குனிந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண் சிவந்து, தாடியெல்லாம் தூளோடு நிமிர்ந்தார்.

"அத்தர் அசல்தான்," என்றார் முதலில்.

மூன்று தும்மலுக்குப் பிறகு, "தூசிதான் கொஞ்சம் கூட," என்றார்.

கதிரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்த பிறகு, மெதுவாக: "அந்தப் புள்ளைட எலி பொழைக்குமா?"

"தெரியாது நானா."

அலமாரித் தட்டிலிருந்த ரோயல் பைகளை எல்லாம் அவரே இறக்கினார்.

4. ஒன்றும் கேட்காத செய்தி

அடுத்த வாரம் டீச்சரின் போனிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. மகள் போனைக் கூட்டுக்குள் நீட்டிப் பதிவு செய்திருந்தாள். நானா மூன்று தரம் போடச் சொன்னார், காதில் வைத்துப் பார்த்தார்.

"ஒன்னும் கேக்கல்லியே புள்ள?"

"அதுதான் நானா நல்ல செய்தி. அந்த 'டிக், டிக்' இல்ல."

பதிவின் கடைசியில் டிஷ்யூவைப் பிறாண்டும் சத்தம் மட்டும் இருந்தது. நானா எழுந்து போய், கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பிளேன்டீ சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை ஒரு பெண்மணி எங்கள் புதிய பேப்பர்த் துண்டுப் பையை முகர்ந்து, "வாசமே இல்லியே?" என்றார். நான் வாய் திறக்குமுன் நானா முந்திக்கொண்டார்.

"தங்கச்சி, நம்மட மூக்கு கூட்டுக்கு வெளியில ஈக்கி. அதுட மூக்கு உள்ளுக்கே ஈக்கி. வாசம் வேணாம், தூசி வேணாம், பஞ்சு வேணவே வேணாம். பேப்பர ஒரு சாண் ஒசரத்துக்குப் போடுங்க, தோண்டி வெளையாடட்டும். நனஞ்ச எடத்த அன்னாடம் எடுங்க. இதெல்லாம் நானே அனுபவத்துல கண்டுபிடிச்சது."

அத்தனையும் நான் அவருக்குச் சொன்னவை. வரிசைகூட மாறவில்லை. நான் லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தங்கச்சிமாருக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். சரியான தகவல் யாருடைய பெயரில் போகிறது என்று ஹம்ஸ்டர் கேட்பதில்லை. மூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.