வாசலில் வைத்த தூக்கு

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். பெற்றது நான்கு, அக்கா விட்டுவிட்டுப் போனது ஒன்று. ஐந்தையும் கரை சேர்த்தேன். இன்றைக்கும் கடலை ஆயப் போகிறேன். செடியைக் கையில் பிடித்தால் ஒரு காய் தவறாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதை நான்தான் எழுதவேண்டும். ஃபேன் காற்றுக்கும் நாற்காலிக்கும் டீக்கடையில் சண்டை போட்டவள் என்று ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு நடக்கிறது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது அந்தக் கடை. முன்பு அதன் வாசலில், ரோட்டைப் பார்த்தபடி நீளமாக ஒரு மர பெஞ்ச் கிடந்தது. கோட்டை மலையின் தலையில் வெயில் விழும் நேரத்துக்கு, வல்லம் பக்கம் கடலை ஆயப் போகும் பெண்கள் அங்கே கூடுவோம். சோற்றுத் தூக்கை பெஞ்சின் மேல் வைத்துவிட்டு டீ வாங்குவோம். எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் மேஸ்திரியின் லோடு வண்டிக்காரன் ஆளை எண்ணமாட்டான், தூக்கைத்தான் எண்ணுவான். பெஞ்சில் எத்தனை தூக்கோ அத்தனை பேர் ஏறும்வரை வண்டி நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், தண்ணீர் வரவில்லை என்று ஒருத்திக்கு நேரமாகிவிட்டால், தூக்கை மட்டும் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து அனுப்பிவிடுவாள். அவள் ஓடி வரும்வரை அந்தத் தூக்கு அவளுக்காக உட்கார்ந்திருக்கும்.

என் இரண்டாவது மகளுக்கு அவலூர்பேட்டை மாப்பிள்ளை அமைந்தது அந்த பெஞ்சில்தான். என் வீட்டுக்காரர் செத்த செய்தி நான் சொல்லாமலே மூன்று ஊருக்குப் போனதும் அங்கிருந்துதான். ஆண்கள் பேசும் அரசியல் எங்கள் காதில் விழும், நாங்கள் பேசுவது அவர்கள் காதில் விழும். தப்பாகப் பேசினால் இரண்டு பக்கமும் திட்டு விழும்.

கடைக்காரர் முடியாமல் படுத்த பிறகு மகன் கடையைப் பார்த்துக்கொண்டான். தரைக்கு டைல்ஸ் போட்டான். பெஞ்சை உடைத்து அடுப்புக்குப் போட்டான். வாசலில் ஆண்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. பெண்களுக்குப் பின்பக்கம் ஃபேன் போட்ட ஒரு அறை, அதற்குத் திரை, மேலே ‘பேமிலி ரூம்’ என்று ஒரு போர்டு. என் கோபத்தில் பாதி என்மேல்தான். முதலில் உள்ளே போய் உட்கார்ந்தவளே நான். காற்று வாங்கிக்கொண்டு, “நல்லாத்தான்டி இருக்குது, வாங்க” என்று மற்றவர்களையும் கூப்பிட்டேன். எல்லோரும் தூக்கோடு உள்ளே போனோம்.

இரண்டு நாள் நானே வாசலில் போய் எட்டிப் பார்த்துக் கூப்பிட, வண்டியைப் பிடித்தோம். மூன்றாம் நாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அந்தச் சத்தத்தில் எங்கள் வண்டி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. போன் போட்டால் வண்டிக்காரன் கத்தினான்.

“வாசல்ல ஒரு தூக்கு கூட இல்லியே ஆயா! எல்லாம் கோயிலுக்குப் போயிட்டீங்கன்னு வந்துட்டேன். பாதி தூரம் தாண்டிட்டேன்.”

நாங்கள் நான்கு பேர், நான்கு பேருக்கும் அன்றைய கூலி போயிற்று. எங்களில் இளையவள் கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். தூக்கைத் திறந்து சோற்றைப் பார்த்தாள், மூடினாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

கடைக்காரர் மகனிடம் போனேன். “அந்த ரூமு எங்களுக்கு வேணாம். வாசல்ல இடம் வுடு.”

“இன்னா ஆயா, உங்க மரியாதைக்குத்தானே திரை போட்டேன்?”

“எங்க மரியாதைய உன் துணியிலயாடா தொங்கவுட்டிருக்கே?”

நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. கொஞ்சம் யோசித்து, பெரிய மனதோடு விட்டுக்கொடுப்பதுபோல் ஒன்று சொன்னான்.

“சரி, ஒண்ணு செய்ங்க. தூக்குங்கள மட்டும் வாசல்ல வெச்சிடுங்க. நீங்க உள்ள உக்காருங்க. வண்டி வந்தா நானே கூப்டறேன்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் சோற்றுத் தூக்கு ரோட்டைப் பார்க்கலாம், நான் பார்க்கக்கூடாது. அலுமினியத்துக்கு இருக்கும் இடம் எனக்கு இல்லை. இவன் அப்பன் அடுப்பு பற்றவைத்த முதல் வருஷத்திலிருந்து டீ வாங்கிக் குடித்தவள் நான்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போனேன். ரோட்டோரம் இருந்த முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். தூக்கை மடியில் வைத்துக்கொண்டேன். தினமும் அங்கே உட்காரும் மனிதர் வந்து என் எதிரில் நின்றார்.

“இன்னாம்மா, எலெக்சன்ல நிக்கப் போறியா?”

“நின்னது போதும். நீ கொஞ்ச நேரம் நில்லு.”

இளையவள் வந்தாள். ஒரு நிமிஷம் தயங்கினாள். “வந்து உக்காரு” என்றேன். அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மற்ற இரண்டு பேர். கடைக்காரர் மகன் அன்றைக்கு எங்களுக்கு டீ போடவில்லை. போடாவிட்டால் போகட்டும் என்று இருந்தோம். வண்டி வந்தது. வண்டிக்காரன் எங்கள் மடியில் இருந்த நான்கு தூக்கையும் எண்ணினான், ஏறினோம். இந்தப் பத்து நாளாக அங்கேதான் உட்காருகிறோம். நான்காம் நாளிலிருந்து டீயும் வருகிறது, சர்க்கரை குறைவாக. திரை இன்னும் தொங்குகிறது. அவன் அதைக் கழற்றும்வரை என் கோபமும் இறங்காது.

பேத்தி, இந்தா நோட்டு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். இப்போது எனக்குக் கேட்கும்படி சத்தமாகப் படி. அவனைத் திட்டிய இடம் வரும்போது குரலைத் தாழ்த்தாதே.