பாண் டப்பாவும் ஏழு அட்டைகளும்

போன சனிக்கிழமை வீடு மாறினோம். அலுமாரியை இறக்கும்போது மேல்தட்டில் கிடந்த என் பழைய தட்டச்சுப் புத்தகம் தொப்பென்று விழுந்து, அதற்குள்ளிருந்து ஏழு சின்ன அட்டைகள் சிதறின. ரோஸ், மஞ்சள், இளநீலம். எடுத்து மூக்கருகே பிடித்தேன். பூச்சி உருண்டை வாசம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாமான் தூக்க வந்தவர் பயந்துபோய், "மிஸ், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

அந்த வாசம் எங்கள் அக்காவுடையது. கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். சேலை மடிப்புகளில் போடும் பூச்சி உருண்டை அவள் மேலேயே ஊறிப்போயிருந்தது. புசல்லாவையிலிருந்து இறங்கி வந்த நாங்கள் இரண்டு பேரும் கட்டுகஸ்தோட்டையில் ஒற்றை அறை எடுத்திருந்தோம். நான் போட்டோகொப்பிக் கடையில் ஊராருடைய கடிதங்களையெல்லாம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பிழையோடுதான். அக்காவுக்குக் கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. வந்ததும் கதிரையில் சாய்ந்து காலை நீட்டி, "டப்பாவ எடுடி" என்பாள்.

பாண் ரொட்டி வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. கிறிஸ்தவர்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். உள்ளே நெருக்கி அடுக்கிய வசன அட்டைகள் இருக்கும். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை இழுத்தால், அன்றைக்கு ஆண்டவர் நமக்குச் சொல்லும் வார்த்தை அதுதான். அக்கா எல்லாவற்றுக்கும் இழுப்பாள். அறை மாற இழுப்பாள், ரைஸ் குக்கர் வாங்க இழுப்பாள். தோதாக வராவிட்டால், "இன்னொரு தடவ கேட்டுப் பாப்போம்" என்று அவளே சிரிப்பாள்.

"குக்கருக்குமா அக்கா?"

"சிரிக்காதடி. சின்ன விசயத்துல கேட்டுப் பழகினாத்தானே பெரிய விசயத்துல கேக்க வரும்."

எனக்கு ஒரேயொரு தொல்லை. "போ", "எழும்பு", "புறப்படு" என்று வருகிற அட்டை கையில் வந்துவிட்டால் தீர்ந்தது கதை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மலைக்கு மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைச் சந்தித்து ஜெபிக்கப் போக வேண்டும். அட்டையும் எனக்கென்றே எழுதி வைத்த மாதிரி வாரத்துக்கு ஒன்று வரும். எனக்கிருந்த ஒரே லீவு நாள் அது. மழை, காலில் அட்டைப்பூச்சிக் கடி, வீட்டுக்கு வீடு பால் தேத்தண்ணி. ஒருநாள் அக்கா குளிக்கப் போன சமயம் பார்த்து அந்த அட்டைகளையெல்லாம் பொறுக்கி எடுத்தேன். ஏழு இருந்தன. புத்தகத்துக்குள் செருகிவிட்டேன். அப்புறம் ஞாயிறு மத்தியானமெல்லாம் சுகமான தூக்கம்தான்.

"என்னமோடி, இப்பல்லாம் ஆண்டவர் நம்மள ஓய்வெடுக்கத்தான் சொல்றாரு" என்றாள் ஒருநாள். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். பாவி, அப்படித்தான் சிரித்தேன்.

அந்த வருசமே அக்காவின் மார்பில் கட்டி வந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்த டாக்டர், வெட்டி எடுத்தே ஆக வேண்டும், வருகிற புதன்கிழமை வந்து வார்டில் சேருங்கள் என்று திகதி கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அக்கா டப்பாவை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லும் வசனம் வந்தது. "இன்னொரு தடவ கேளுக்கா" என்றேன். இளைப்பாறச் சொல்லும் வசனம் வந்தது. வேறென்ன வரும்?

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "நீ என்னடி சொல்ற?"

புத்தகம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜெபம் பண்ணி நீயே முடிவெடுக்கா." கேட்பவர்களுக்குப் பக்தி மாதிரி இருக்கும். திருட்டைச் சொன்னால் திட்டுவாளே என்ற பயம், அவ்வளவுதான்.

புதன்கிழமை போனது. அடுத்த புதனும் போனது. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நானும் நாளைக் கடத்தினேன். ஐந்தாம் மாதம், கை வீங்கிய பிறகுதான் போனோம். சிங்கள டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில், "ஏன் இவ்வளவு லேட்?" என்று மட்டும் கேட்டார்.

"ஆண்டவர் காத்திருக்கச் சொன்னாரு டாக்டர்" என்றாள் அக்கா. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிவரை அவளிடம் நான் சொல்லவேயில்லை.

சவப்பெட்டியை மூடும் முன் சபைச் சகோதரிகள் அந்த டப்பாவை அவள் கைக்குள் வைத்தார்கள். நல்ல மனசோடுதான் வைத்தார்கள். தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஏழும் உள்ளே இருந்திருந்தால் மட்டும் அதில் ஒன்று வந்திருக்குமா? தெரியாது. ஆனால் ஆண்டவருக்கு "போ" என்று சொல்ல அட்டைதான் வேண்டுமா என்ன? எதிரே நான் உட்கார்ந்திருந்தேனே, வாயை வைத்துக்கொண்டு.

இப்போது சபையிலிருந்து காலைதோறும் போனுக்கே வசனம் வந்துவிடுகிறது, பூப்படத்தோடு. லயத்துக்கு ஜெபிக்கப் போகிறவர்களும் இல்லை. ஏழு அட்டைகளும் என் கைப்பையில் கிடக்கின்றன. எறிய மனசில்லை, திருப்பி வைக்க டப்பா இல்லை. அன்றைக்குச் சொல்ல வேண்டிய பதில் மட்டும் நாக்கு நுனியிலேயே நிற்கிறது: "எழும்புக்கா, போவோம்."

கேட்கத்தான் அவள் இல்லை.