பாலிகையில் கருகிய பயறு

பாலிகைப் பயறு கருகியதற்கு என் மகளைக் குற்றம் சொன்னார்கள்.

கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடும் அன்று பாலிகை என்று மண்சட்டிகளில் பெண் கையால் தானியம் தெளிப்போம். மறுவீடு முடிந்துதான் குளத்தில் கரைப்போம். முளை செழித்தால் பெண்ணும் செழிப்பாள் என்று பேச்சு. சட்டிக்கு மண் கொடுத்தவர் பாவா, என் அக்காள் வீட்டுக்காரர். கரும்பைத் தோண்டி எறிந்துவிட்டு, பட்டுப்புழுவுக்காக மல்பெரி நட்டிருந்த கொல்லை மண். "தங்கமான மண்ணு" என்று மூட்டை கட்டிக் கொடுத்தார்.

முளை நன்றாகத்தான் வந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து சம்பந்தி வீட்டார் மறுவீட்டுக்கு வந்தபோது உளுந்தும் பச்சைப்பயறும் இலை ஓரம் வெளுத்து, கருகிக் கிடந்தன. சம்பந்தியம்மா குனிந்து பார்த்தாள்.

"உங்க பொண்ணு தெளிச்சதா? நல்ல கைதான்."

அதோடு விடவில்லை. அவர்கள் தறிக்காரர்கள். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றும்போதெல்லாம், ராசியில்லாத கை என்று என் மகளை வெளியே நிற்கவைத்தார்கள்.

எனக்கு ஒன்று உறுத்தியது. அதே சட்டியில் சோளம் மட்டும் பச்சையாக நின்றது. ராசியில்லாத கை சோளத்தை மட்டும் விட்டுவைக்குமா?

கொல்லைக்குப் போனேன். மல்பெரி இலை ஓரத்திலும் அதே வெளுப்பு. பாவா தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"கரும்புக்கு இன்னா அடிச்சீங்க?"

"களை மருந்து. ஆள் கிடைக்கல, ரெண்டு வாட்டி அடிச்சேன். அது போன வருசம்மா. இன்னுமா இருக்கும்?"

மருந்துக் கடையில் கேட்டேன். "கரும்பு, சோளத்த ஒண்ணும் பண்ணாது. பயறு வகையக் கருக்கும். மழை இல்லன்னா மண்ணுலயே கெடக்கும்" என்றார் கடைக்காரர், சில்லறை எண்ணிக்கொண்டே. தண்ணீர் விட்டால் கீழே இறங்குமாம். கீழே இருப்பது கிணற்றுத் தண்ணீர்தான்.

திரும்பக் கொல்லைக்குப் போனேன். "சம்பந்தியாண்ட வந்து சொல்லுங்க பாவா."

"சொன்னா புழுவுக்கு என் இலைய எவன் வாங்குவான்? வாய மூடிகினு போ."

மூடவில்லை. ஒரே பயறை இரண்டு சட்டியில் போட்டேன். ஒன்றில் அவர் மண், மற்றதில் என் வீட்டுப் பின்பக்க மண். ஒன்று கருகியது, ஒன்று தழைத்தது. இரண்டையும் பஸ்ஸில் தூக்கிப் போய்ச் சம்பந்தியம்மா முன்னால் வைத்தேன்.

"இதையும் என் பொண்ணா தெளிச்சா? நான் தெளிச்சேன். எந்தக் கை கெட்ட கை, சொல்லுங்க."

நடந்ததை எல்லாம் சொன்னேன். சம்பந்தியம்மா கருகிய இலையைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "பாவு ஏத்தறாங்க, வந்து ஒரு கை புடி" என்று என் மகளைக் கூப்பிட்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

நான் கிளம்பும்போது சம்பந்தியம்மா பின்னாலேயே வந்தாள். "அந்த மண்ண எடுத்துகினு போங்க. எங்க வாசல்ல கொட்டாதீங்க."

ஆங், அவள் சொன்னது நியாயம்தான். எங்கே கொட்டுவது? திருத்தணி பஸ்ஸில் அந்தச் சட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஊருக்கு வந்தபோது பாவா கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது; தண்ணீர் அந்த மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.