கேட்காமல் எடுத்த பதினொரு பாட்டு

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக்காகத்தான் குன்வோர் அந்த நீலக் கோட்டை வைத்திருந்தாள். அன்றைக்கு மாவட்ட நீதிமன்றத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. நடுவில் சட்டம் படித்த நீதிபதி, பக்கத்தில் அரசியல் கட்சிகள் அனுப்பிய ஊர்க்காரர்கள் மூன்று பேர், அவர்களில் ஒருத்தி அவள். நால்வருமாகத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷம் தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் அவள். கணவனும் போய்விட்டான். "குன்வோர் இன்னும் வரலையா?" என்று யாராவது கேட்கும் இடம் ஸ்வீடன் முழுக்கத் தேடினாலும் அந்த ஒன்றுதான்.

அந்த நவம்பர் செவ்வாயில் காப்பி அறைக்குள் நுழையும்போதே ரூனேயின் குரல் கேட்டது. அந்த மூவரில் இன்னொருவர், முன்பு இரும்புக் கடை வைத்திருந்தவர்.

"பாட்டுத் திருடன் கேஸாம் இன்னைக்கு. என் கடையில ஒரு ஆணியை எடுத்துப் பையில போட்டா விட்டிருப்பேனா?"

"ஆணியை எடுத்தா உன் டப்பாவுல ஆணி குறையும். பாட்டை எடுத்தா என்ன குறையுது?" என்றாள் மூன்றாமவள் போதில். "நீயே சனிக்கிழமையானா ரேடியோ முன்னாடி கேசட்டோட உக்காந்தவன்தானே?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அது நான்."

போதில் சிரித்த சிரிப்பில் ரொட்டித் துணுக்குகள் மேஜையெல்லாம் சிதறின. குன்வோர் மட்டும் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை போடாத காப்பி.

அவளிடமும் அப்படிப் பதினொரு பாட்டு இருந்தது. அவள் மகன் ஸ்தாபன் வாசித்தவை. அப்பாவின் சவ அடக்கத்தில் வாசிக்கிறேன் என்று கிதாரோடு வந்தவனை, "சர்ச்சுல ஆர்கன் இருக்கே, போதும்" என்று தடுத்தவள் அவள்தான். கிதாரைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போனவன் ஒன்பது வருஷமாகத் திரும்பவில்லை. அவனும் நண்பர்களும் இசைத்தட்டு வெளியிட்டதைக்கூட அவள் பத்திரிகையில்தான் படித்தாள். கடைக்குப் போய்க் கேட்டபோது, தீர்ந்துவிட்டது, இனி வராது என்றார்கள். அவனிடமே கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக நூலகத்தில் முதியோருக்கு நடந்த கணினி வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பில் கற்றது பாதி, தானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றது பாதி. இணையத்தில் தேடி, உலகத்தில் ஒரே ஒருவரின் கணினியில் அந்தப் பாட்டுகள் இருப்பதைக் கண்டுபிடித்து இறக்கிக்கொண்டாள். இறக்கியவர், அடுத்தவரும் எடுத்துக்கொள்ளத் தன் கணினியை ஓடவிட்டு வைப்பது அங்கே மரியாதை. அதனால் அவள் அதை அணைத்ததே இல்லை. மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும் நாட்களில், திரையில் அந்த முகம் தெரியாத ஆளின் புனைபெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி எரிந்தால் அவளுக்கு எதிர்வீட்டில் ஆள் இருப்பதுபோல இருக்கும். போன மார்ச்சில் அது அணைந்துபோனது.

கேஸ் கட்டை முன்கூட்டிப் படிக்கும் வழக்கம் ஊர்க்காரர்களுக்கு இல்லை. ஆகவே, "யாருக்காவது இந்த வழக்கில் சம்பந்தம் உண்டா?" என்று தொடக்கத்தில் நீதிபதி கேட்டபோது குன்வோரும் மற்றவர்களோடு தலையாட்டி மறுத்தாள்.

குற்றம் சாட்டப்பட்டவன் ஓர்யன். காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுபவன். மார்ச்சில் போலீஸ் அவன் கணினியை எடுத்துப் போயிருந்தது. அதில் இருந்த இசைத்தட்டுகளின் பட்டியலை அரசு வழக்கறிஞர் வாசித்துக்கொண்டே போனார். பதினேழாவதாக அந்த இசைத்தட்டின் பெயர் வந்தது. குன்வோர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இது உலகத்திலேயே இரண்டு கணினிகளில்தான் இருந்திருக்கிறது. மற்றது யாருடையது என்று தெரியவில்லை" என்றார் அவர்.

"எனக்கும் தெரியாது" என்றான் ஓர்யன். "ஆனா அவங்க எப்பவும் இருந்தாங்க. காட்டுலேர்ந்து வந்து பாத்தா அவங்க விளக்கு எரியும். நான் அணைச்சா அங்க ஒருத்தர் தனியா ஆயிடுவாங்களேன்னுதான் விட்டு வெச்சேன்."

பிறகு இசைக்குழுவில் ஒருவரின் வாக்குமூலத்தை வாசித்தார்கள். குடும்பப் பெயர் அவன் மனைவியுடையது. கல்யாணத்தில் மாற்றிக்கொண்டிருந்ததால், குன்வோரின் மகன் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பெயர் ஸ்தாபன். 'எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம். வீட்டில் இன்னும் நாற்பது தட்டு கிடக்கிறது. கேட்டிருந்தால் யாருக்கும் சும்மாவே கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.'

இடைவேளையில் குன்வோர் நீதிபதி ஹெட்விக்கின் எதிரே போய் நின்றாள். ரூனேயும் போதிலும் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

"ஹெட்விக், அந்த ஸ்தாபன் என் மகன்."

"அட, அப்படியா? உனக்குத் தெரியாம நடந்ததுதானே. வேற ஆளை வெச்சு இன்னொரு நாள் ஆரம்பிச்சுக்கறோம். நீ அடுத்த மாசம் வழக்கம்போல வந்துடு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நாற்காலி, காப்பி, செவ்வாய்க்கிழமை எல்லாம் அவளுக்கே இருந்திருக்கும்.

"இன்னொண்ணும் இருக்கு. அந்த ரெண்டாவது கணினி என்னோடது."

ஹெட்விக் கண்ணாடியைக் கழற்றினாள். "குன்வோர், இது என் காதுல விழுந்துடுச்சே. இனிமே உன்னை அந்த நாற்காலியில உட்கார வைக்க முடியாது. போலீசுக்கும் சொல்லியாகணும்."

"விழட்டும்னுதான் சொன்னேன்."

ரூனே அவசரமாக எழுந்து அவள் கோட்டை எடுத்துப் பிடித்தார். "ஒரு ஆணி அளவு விஷயம், குன்வோர்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

"இல்ல ரூனே. கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

பேருந்தில் வீட்டுக்கு வந்தாள். எதிர் ஜன்னல்களில் சிலர் இப்போதே கிறிஸ்துமஸ் காகித நட்சத்திரம் தொங்கவிட்டிருந்தார்கள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினியை அணைத்தாள். இரண்டரை வருஷமாக ஓடிய அந்தச் சின்ன விசிறி நின்றபோது, வீடு எவ்வளவு அமைதியானது என்று அவளுக்கே புதிதாகத் தெரிந்தது.

தொலைபேசியை எடுத்து, ஒன்பது வருஷமாக ஒருமுறைகூட அழைக்காத, ஆனால் மறக்காத எண்ணைச் சுழற்றினாள். எட்டு முறை மணி அடித்தது. பிறகு பதிவுக் கருவியில் அவன் குரல், கொஞ்சம் தடித்துப்போன குரல், பெயரைச் சொல்லிவிட்டுப் போகச் சொன்னது.

"ஸ்தாபன், அம்மா பேசறேன்" என்றாள். "உன்கிட்ட நாப்பது தட்டு இருக்காமே. எனக்கு ஒண்ணு தருவியா?"

வைத்துவிட்டு, கோட்டோடு தொலைபேசியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.