மாம்புரியில் தரைதட்டிய படகு

கடல் மாசுத் தடுப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எண்ணெயைப் பற்றித்தான் கேட்பார்கள். எவ்வளவு தூரம் பரவும், எத்தனை நாளில் கலைந்துபோகும் என்று. நான் பயந்த நாளைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்றுவிட்டேன், இனிச் சொல்லலாம்.

காலையில் தகவல் வந்தது. இயந்திரம் நின்றுபோன ஆழ்கடல் படகு ஒன்றை அலை தள்ளிக்கொண்டு வந்து மாம்புரிக்கு நேரே, கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டான பாரில் ஏற்றிவிட்டது. டீசல் கசிகிறது. நான் பாலாவியைக் கடக்கும்போதே கற்பிட்டியில் படகு இயந்திரம் திருத்தும் நசீர் நானாவுக்கு போன் எடுத்து வரச் சொன்னேன். இருபது வருடமாக என்னோடு இப்படியான வேலைகளுக்கு வருகிற மனிதர்.

கரையில் டீசல் மணம் மூக்கை அடைத்தது. தொழிலுக்குப் போகாமல் மீனவர்கள் கூட்டமாக நின்றார்கள். படகில் வந்தவர்கள் கரையேறியிருந்தார்கள். ஸ்கிப்பர் ஜூட் மட்டும் நனைந்த சட்டையோடு மணலில் குந்தியிருந்தார். சிலாபம் பக்கத்து ஆள்.

“டீசல் மட்டும்தானே இருக்கு?” என்று கேட்டேன்.

“ஓம் சேர்.”

படகைச் சுற்றித் தடுப்பு மிதவைகளைக் கட்டினோம். தாங்கியில் மிஞ்சிய டீசலைக் கைப்பம்பால் பரல் பீப்பாய்களுக்கு மாற்றிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். பைபர் போட்டில் போய் நானும் நசீர் நானாவும் ஜூட்டும் படகில் ஏறினோம். ஓட்டி பைபர் போட்டைச் சற்றுத் தள்ளி நிறுத்திக்கொண்டார். நசீர் நானா குழாயை எடுத்துக்கொண்டு இயந்திர அறைக்குள் இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு வேறொரு மணம் பட்டது. டீசல் கனமாக மணக்கும். இது கூர்மையாக, கண்ணைக் கரித்தது. திரும்பி ஜூட்டைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“கீழ பலகைக்கு அடியில நாலு கான் பெற்றோல் இருக்கு சேர்,” என்றார். “சின்ன போட்டுக்கு எடுத்தது. அனுமதியில்லாம ஏத்தினது, சொன்னா போட்டைப் பிடிச்சிருவாங்க எண்டு முதலாளி சொல்ல வேண்டாம் எண்டவர்.”

படகு பாரில் மோதியபோது கான்கள் உடைந்திருக்க வேண்டும். கீழே ஆளையே மயக்கும் பெற்றோல் ஆவி நிறைந்திருந்தது. அதைவிட மோசமான இன்னொன்று இருந்தது. அடியில் தண்ணீர் ஏறினால் தானாகவே ஓடத் தொடங்கும் பம்ப் ஒன்று அந்த அறையில்தான் இருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதன் ஸ்விட்ச் விழும்போது ஒரு சின்னப் பொறி பறந்தால் போதும். பற்றரி வயரைக் கழற்றலாம் என்றால் அதிலும் பொறி பறக்கும்.

“நசீர் நானா, மேல வாங்க” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. குனிந்து பார்த்தேன். ஏணிக்குப் பக்கத்தில் தாங்கியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. குழாய் கையில் இருந்தது.

நான்தான் இறங்கியிருக்க வேண்டும். அனுப்பியவன் நான். ஏணியைப் பிடித்தேன், கால் எடுபடவில்லை. கலிமாவைச் சொன்னேன். அப்போதும் கால் எடுபடவில்லை. இதை நான் அறிக்கையில் எழுதவில்லை.

ஜூட் படகில் கிடந்த கயிறு ஒன்றை இடுப்பில் கட்டி, மறுநுனியை என் கையில் தந்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நசீர் நானாவின் கமுக்கட்டுகளுக்குள் கைகொடுத்துத் தூக்கினார். நான் இழுத்த இழுப்பில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. இருவரும் மேலே வந்ததும் ஓட்டிக்குக் கைகாட்டினேன். நசீர் நானாவை போட்டில் கிடத்திக்கொண்டு விலகினோம்.

அரைவாசித் தூரம் போவதற்குள் அந்தப் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. ஜூட் சிலுவை போட்டுக்கொண்டார். நான் நசீர் நானாவின் மேல் கவிழ்ந்து படுத்தேன். படகின் பக்கவாட்டால் தண்ணீர் பீறிட்டு வந்தது. கடல் முழுக்க வானவில் நிறம். ஒன்றும் வெடிக்கவில்லை. ஏன் வெடிக்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பற்றரி இறங்கி அந்தப் பம்ப் நிற்கும்வரை படகுக்குக் கிட்டே யாரையும் போக விடவில்லை.

அறையைக் காற்றாட விட்டு, மறுநாள் கருவியால் ஆவியை அளந்து பார்த்த பிறகே மீதி டீசலை எடுத்தோம். கரை மணலைச் சுத்தம் செய்ய ஒரு வாரத்துக்கு மேல் போனது. மீனவர்கள் எங்களோடு நின்று அள்ளினார்கள், ஏசவும் ஏசினார்கள். அறிக்கையில் பெற்றோலைப் பற்றி எழுதினேன். ஜூட் இறங்கியதையும் எழுதினேன். நான் கேட்ட கேள்வியையும் அப்படியே எழுதினேன். பயந்துபோயிருக்கும் மனிதனிடம் “மட்டும்தானே” என்று கேட்டால், “ஓம்” என்றுதான் சொல்வான்.

ஆஸ்பத்திரியில் நசீர் நானாவைப் பார்க்கப் போனேன். தலையிடி இன்னும் இருக்கிறது என்றார். நான் கூப்பிட்டது கேட்டதா என்று விசாரித்தேன்.

“கேட்டது சேர். வடிவாக் கேட்டது. அதுக்கு நான் எழும்பி வரணும் எண்டுதான் விளங்கல்ல.”

அதற்குப் பிறகு, இடுப்பில் கயிறு கட்டாமல் ஒருவரையும் நான் கீழே இறக்கியதில்லை.