உள்ளே விட்ட துணி

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த தையல் கடையில் பாட்டி நாற்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தாள். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் படி. யார் சட்டையானாலும் ஓரத்தில் ரெண்டு இஞ்ச் துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பாள். அதனால் எல்லோருக்கும் அவள் ‘ரெண்டிஞ்ச் பாட்டி’. உறுத்துகிறது என்று யாராவது மூக்கைச் சுளித்தால் போதும்.

“உடம்பு என்ன நம்ம பேச்சையா கேக்குது? ஏறும், இறங்கும். துணி உள்ள இருக்கட்டும்.”

அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் கிடையாது.

மகள் பிரசவத்தில் போய்விட, கைக்குழந்தையாக வந்து சேர்ந்த பேத்தியை அந்த மிஷினை மிதித்தே ஆளாக்கினாள். பேத்தி படித்தாள், ஆபீஸ் வேலைக்கும் போனாள். தையல் மட்டும் வரவேயில்லை. “குடிச்சவன் நடந்த மாதிரி இருக்குடி உன் தையல்” என்று பாட்டி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எழுபத்தாறாவது வயதில் பாட்டிக்கு வயிற்றில் நோய் வந்தது. இன்னும் சில மாதம்தான் என்று டாக்டர் பேத்தியைத் தனியே அழைத்துச் சொன்னார். அதைப் பாட்டியிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. “வெறும் வயித்துப் புண்ணு பாட்டி, மருந்து சாப்பிட்டா சரியாயிடும்” என்று சொல்லிவிட்டாள்.

உடம்பு அந்தப் பொய்யைக் காட்டிக் கொடுக்கத் தொடங்கியது. சட்டையெல்லாம் தொளதொளத்தது. எனவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், பாட்டி கண்ணயர்ந்த பிறகு, பேத்தி ஒவ்வொரு சட்டையாக எடுத்துக் கையாலேயே பிடித்துத் தைத்தாள். முதலில் அரை இஞ்ச், பிறகு ஒரு இஞ்ச். நாற்பத்தொரு வருடம் தைத்தவளை ஊசியைக் கொண்டே ஏமாற்றப் பார்த்தாளே, அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது! பாட்டியும் சட்டையைப் போட்டுப் பார்த்து, “அளவெல்லாம் அப்படியேதான் இருக்கு” என்பாள். பேத்தி நம்பினாள்.

பாட்டிக்குக் கண் மங்கிவிட்டதால், தினமும் காலையில் பேத்திதான் ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டு ஆபீஸ் போவாள். ஒரு பித்தான், ஒரு கிழிசல், பாட்டிக்கும் பொழுது போக வேண்டுமே. ஒரு செவ்வாய்க்கிழமை பாட்டி, “கண்ணு, இன்னிக்கு நீல நூல் கோத்து வை” என்றாள்.

“எதுக்கு பாட்டி?”

“தலையணை உறை பிரிஞ்சிருக்கு.”

“பாத்து. கையைக் குத்திக்காத.”

“யாரு, நானா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி தன் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பேத்தி இன்னும் கை வைக்காத ஒரே சட்டை அதுதான். அது பாட்டியின் உடம்புக்குக் கச்சிதமாக இருந்தது. பேத்திக்குத் தலைகால் புரியவில்லை.

“பாட்டி, உடம்பு தேறிட்டு வருது!”

“நான்தான் சொன்னேன்ல.”

டாக்டருக்கே போன் போட்டுச் சொன்னாள். பத்து நாள் நிம்மதியாகத் தூங்கினாள். பதினோராம் நாள் காலையில் பாட்டி போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து, அந்த நீலச் சட்டையைத் தன் அளவுக்கு ஆக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று பேத்தி அதை உள்பக்கமாகத் திருப்பினாள். இருபுறமும் புதுத் தையல் ஓடியிருந்தது. பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச் பிடித்திருந்தது. எறும்பு வரிசை போலப் பொடிப்பொடியாக, கொஞ்சமும் கோணாத கைத்தையல். அவள் தலைகீழாக நின்றாலும் அப்படி வராது. நூல் நீலம். கட்டிலில் தலையணை உறை இன்னும் பிரிந்தபடியேதான் கிடந்தது.

பாட்டிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பேத்தி பயந்துவிடக் கூடாது என்று தன் மெலிவைத் தானே மறைத்துத் தைத்திருக்கிறாள். ஆளுக்கு ஆள் மறைத்தே கடைசி நாட்களைத் தொலைத்துவிட்டார்கள். ஒரே ஒரு நாள் கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம். அதற்குக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

தையலைப் பிரிக்க எடுத்த கத்தரியை அவள் கீழே வைத்தாள். சட்டையை முகத்தோடு அழுத்திக்கொண்டாள்.

“நான்தானே பாட்டி, கோத்துக் குடுத்துட்டுப் போனேன்” என்றாள்.