ஊருக்குக் காட்டிய வயல்

நான் எழுதியதை ஒரு ஊரே நின்று கேட்டது என்றால் நம்புவீர்களா? மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டது. தமுக்கு அடித்துப் படித்தார்கள்.

பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற ஊர் எங்களுடையது. இந்த மாசியில் ஏரி பாதிக்கும் கீழே. அதனால் எட்டு நாளைக்கு ஒரு முறைதான் ஆளுக்குத் தண்ணீர். முறை வரும்போது, வாய்க்கால் கரையில் அடைத்து வைத்த சேற்றைத் தள்ளினால் வயலுக்குப் பாயும். அதுதான் மடை திறப்பது. அடுத்தவர் முறையில் திறந்தால் அது திருட்டு.

இந்தத் திருட்டுக்கு எங்கள் ஊரில் பழைய தண்டனை ஒன்று இருந்தது. நாலு பேர் எதிரில் திட்டு வாங்கிக்கொண்டு அய்யனார் கோயில் விளக்குக்கு ஒரு படி எண்ணெய் ஊற்ற வேண்டும். ஒருவர் ஊற்றுவார். அடுத்த மாதம் இன்னொருவர் ஊற்றுவார். எங்கள் அய்யனார் இருட்டில் இருந்ததே கிடையாது!

ஏரிக் கமிட்டியின் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. பிரெஞ்சு வழக்கப்படி அவரை ஊரில் 'பிரசிதான்' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எண்ணெய்க்கு எவன்பா பயப்படுறான்? ஒருத்தன நல்லா புடிச்சி வச்சமுன்னா ஊரே அடங்கிடும். நீதான் வாராவாரம் பத்திரிகையில எழுதுறியே, கேக்கறவன் வயித்துல புளி கரைக்கிற மாதிரி ஒண்ணு எழுதிக் குடு."

எழுதினேன். 'முறை தப்பி மடை திறப்பவருக்கு இந்தப் போகம் முடிகிற வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.' அந்த 'ஒரு சொட்டு' என் கைவரிசை. கமிட்டி சொன்னது வெறும் 'தண்ணீர் கிடையாது'தான்.

வியாழக்கிழமை காலை வீராசாமி தமுக்கு அடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போனார். நான் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனேன்... என் வாக்கியத்தை என் காதால் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

வெள்ளிக்கிழமை மத்தியானமே ஒருவர் அகப்பட்டார். பெயர் அய்யாக்கண்ணு. ஒரே ஒரு காணி நிலம். நெல் பால் பிடிக்கிற சமயம். முறைக்கு இரண்டு நாள் இருக்கும்போதே மடையைத் திறந்துவிட்டார்.

இங்கே பட்டணத்து வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நாலு வயல் பிரெஞ்சுக்காரருடையது, அதை ஒட்டி ஒரு தெரு இங்கிலீஷ்காரருடையது, வரப்பைத் தாண்டினால் மறுபடி பிரெஞ்சு. அய்யாக்கண்ணுவின் வயல் இங்கே, எங்கள் பிரெஞ்சுப் பக்கம். வீடு அங்கே, இங்கிலீஷ் பக்கம். நடுவில் ஒரு எல்லைக்கல்.

கமிட்டி கூடியது. அய்யாக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"திறந்தது நான்தாங்க. படி எண்ணெய் ஊத்திடறேன்."

"எண்ணெயா? தமுக்கு அடிச்சமே, கேக்கல?"

"எங்க தெருவுல அடிக்கலைங்களே. கல்லாண்டயே நின்னுட்டாரு. வேணும்னா அவரையே கேளுங்க."

வீராசாமி தலையைச் சொறிந்தார். "கல்லத் தாண்டி அடிச்சா அந்தப் பக்கத்துத் தலையாரி தமுக்கப் புடுங்கிக்கிறான்யா. போன தபா திரும்பி வாங்கவே மூணு நாள் ஆச்சி."

உண்மைதான். பின்னாலேயே போனவன் நான். தமுக்கு கல்லருகே நின்றதைப் பார்த்தவன் நான். பார்த்து, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தவனும் நான்.

"கேட்டியா கேக்கலையான்றது இல்லப்பா இப்பப் பேச்சு," என்றார் பிரசிதான். "உன்ன வுட்டா நாளைக்கு நாப்பது பேரு கேக்கலைன்னு வந்து நிப்பான். உன் மேல எனக்கு இன்னா கோவம்? மத்தவனுக்குத் தெரியணும், அவ்ளோதான்."

நான் மெல்ல வாயைத் திறந்தேன். "ஒரே ஒரு முறைக்கு மட்டும் தண்ணிய நிறுத்தினாப் போதாதா..."

"எழுதினது நீதானப்பா? ஒரு சொட்டுன்னு போட்டது யாரு?"

அப்படியே தீர்ப்பு ஆயிற்று.

வெளியே வந்ததும் அய்யாக்கண்ணு என்னிடம் வந்தார். "ஐயா, அதுல இன்னாதான் எழுதியிருந்தீங்க?"

படித்துக் காட்டினேன். தண்டனை முதலில், அறிவிப்பு அப்புறம்! அவர் கவனமாகக் கேட்டார். கோபம் இல்லை. "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு எல்லைக்கல்லைத் தாண்டிப் போய்விட்டார்.

மாசி மத்தியானம் எங்கள் ஊரில் ஒரு மயக்கம். மாடுகள் கண்ணை மூடி அசை போடும். கொக்குகள் ஒற்றைக் காலில் தூங்கும். வாய்க்கால் தண்ணீர் மட்டும் தூங்காமல் தனக்குள்ளேயே ஏதோ பேசிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் வாய்க்கால் கரையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது எனக்குப் பிடிக்கும். நடக்கிறோமா, கனவு காண்கிறோமா என்றே தெரியாது.

அந்த மயக்கத்தில்தான் அய்யாக்கண்ணுவின் வயல் செத்துக்கொண்டிருந்தது. முதலில் இலை நுனி சுருண்டது. அப்புறம் தரை வெடித்தது. வெடிப்புக்குள் என் விரல் போயிற்று. ஒரு முழம் தள்ளி வாய்க்கால் பளபளவென்று ஓடுகிறது... கதிர் எல்லாம் வெளுத்து, மணி பிடிக்காமல் சாவியாகிவிட்டது. அவர் வீட்டின் ஒரு வருஷத்துச் சோறு அது.

பிரசிதான் விவரமானவர். ஆட்களை அந்த வரப்பு வழியாகவே வரச் சொன்னார். "பாத்துக்க," என்பார். அவ்வளவுதான். வந்தவர்கள் குனிந்து ஒரு கதிரை உருவி, நசுக்கிப் பார்ப்பார்கள். பால் இருக்காது. கதிரைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எல்லோர் முகத்திலும் பயம். ஒரு வாரம் யாரும் முறை தப்பி மடைப் பக்கம் போகவில்லை. பிரசிதான் கணக்கு சரிதான் என்று நானே நினைத்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நானும் அந்த வரப்பு வழியாக வந்தேன். நானும் ஒரு கதிரை நசுக்கினேன். தூள்தான் வந்தது.

புதன்கிழமை காலையில் பிரசிதான் என் வீட்டுக்கே வந்துவிட்டார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஒரே மத்தியானத்துல நாலு மடைப்பா. என் ஆயுசுல பாத்ததில்ல. எல்லாம் பயந்து போயிட்டானுங்கன்னு நெனச்சேனே."

"பயந்துதான் போயிருக்காங்க," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்த வயலைப் பார்த்தவர்களுக்குக் கமிட்டி கண்ணில் படவே இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் நெல் என்ன ஆகும் என்பதுதான் கண்ணில் பட்டது. பயமுறுத்தியது என்னவோ நாங்கள்தான். ஆனால் எதைப் பார்த்துப் பயப்படுவது என்று அவரவர் வயிறு முடிவு செய்துகொண்டது.

"மூணு பேரு கெடச்சிட்டான்," என்றார் பிரசிதான். "நாலாவது மடை யாரோடது தெரியுமா? உன்னோடதுப்பா. எவனோ வேணும்னே தெறந்து வுட்டிருக்கான், உன் பேரக் கெடுக்க. எழுதினவனே செய்வானா? நான் வுடமாட்டேன். இன்னும் காட்டமா ஒண்ணு எழுதிக் குடு, அடுத்த வாரம் தமுக்கு அடிச்சிடலாம்."

தலையை ஆட்டினேன். அவர் போனதும் காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். எழுதியது இதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அய்யாக்கண்ணுவின் வரப்பிலிருந்து நேராக என் வயலுக்குப் போனேன். என் முறைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. இலை நுனியைத் தொட்டுப் பார்த்தேன்... சுருண்ட மாதிரிதான் இருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. குனிந்து ஒரு பிடி சேற்றை எடுத்தேன். ஒரே பிடிதான். தண்ணீர் உள்ளே போகிற சத்தத்தை, வெட்கம் கெட்டுப்போய், நின்று கேட்டேன்.

பிரசிதான் பத்திரிகையில் வரும் என் இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறவர்.